கருவறையில் ஈரம்

— கடிதாசைத் தபால்ல சேர்த்தீரா, இல்லையா? மூணு தரம் கேட்டாச்சு, ஏசுபாதம். மூணு தரமும் என் வாயில கண்ணாடிக் குச்சியைச் சொருகிட்டு ஜன்னலைப் பாக்கறீர்.

— வெப்பமானி வாயில் இருக்கும்பொழுது நோயாளி பேசலாகாது, ஐயா.

— இப்போதான் எடுத்தாச்சே. சொல்லும்.

— கடிதம் நேற்று முன்தினம் காலை பத்து மணிக்கு, செங்கற்பட்டு இரயில் நிலையத்து வாயிலிலுள்ள சிவப்புப் பெட்டியினுள் என் கையாலேயே இடப்பட்டது. அது உள்ளே விழுந்த ஓசையையும் நின்று கேட்டேன்.

— நான் சொன்னபடிதானே வரதனுக்கு எழுதினீர்? 'பாஷ்யம் ஸ்ரீரங்கத்துக்குத் தங்கை பொண்ணு சீமந்தத்துக்குப் போயிருக்கான், வரப் பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் கோயில் பூஜை முறையைப் பெரியப்பா பிள்ளை வரதன் பாத்துக்கணும்'னு?

— ஒற்றுப்பிழை, சந்திப்பிழை ஏதுமின்றி எழுதினேன்.

— பிழையை யார் கேட்டா ஓய். நான் சொன்னதை எழுதினீரான்னு கேக்கறேன்.

— வலக்கையை அசைக்காதீர்கள். உப்புநீர் ஊசி நரம்பை விட்டு விலகிவிடும்.

— அசைக்கறதுக்கு எங்கே விட்டீர்? பலகையை வெச்சுக் கட்டிப் போட்டிருக்கீரே. இந்தக் கை என் வசம் இருந்தா உம்மகிட்ட வந்து ஏன் கெஞ்சறேன், நானே ரெண்டு வரி கிறுக்கியிருப்பேன்.

— கட்டினை ஒரே ஒரு காரியத்திற்கு அவிழ்க்கலாம் என்று டாக்டர் உத்தரவு கொடுத்திருக்கிறார். இந்த ஒப்புதல் தாளில் தாங்கள் கையெழுத்திடுவதற்கு.

— அதை மடிச்சு உம்ம பையில வையும்.

— காலையிலிருந்து நான்கு முறை மடித்துவிட்டேன். மடிப்பு கிழியும் நிலையில் உள்ளது.

— ஏன் ஓய், உம்ம ஆத்துலயும் இப்படித்தான் பேசுவீரா?

— பேசுவேன். என் மனைவி ரெபேக்காள் அக்கம்பக்கத்தாரிடம், 'சோறு போடுன்னு கேக்க மாட்டாரும்மா இந்த மனுசன், உணவு பரிமாறுகன்றாரு, எனக்குத்தான் பசி போயிடுது' என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். நான் அகரம் எழுதியது முப்பத்தொன்றாம் வயதில், ஐயா. பகலெல்லாம் இதே ஆஸ்பத்திரியில் டோலி தூக்குவேன். அந்திக்குப் பிறகு பாதிரியார் பள்ளிக்கூடத்தில், என் மகன் வயதுப் பிள்ளைகளின் நடுவில் காலை மடக்கி அமர்வேன். ஒவ்வோர் எழுத்தும் எனக்கு வியர்வையில் வந்தது. ஆகையால் ஒன்றையும் வீணாக்குவதில்லை.

— சரி, வீணாக்காதீர். காலையில டாக்டர் அந்தக் கறுப்புப் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுண்டு உம்மகிட்டயும் நர்ஸம்மாகிட்டயும் அரைமணி பேசினாரே. என்கிட்ட, 'ஏசுபாதம் விளக்குவான்'னுட்டுப் போயிட்டார். விளக்கும்.

— மானிடக் குடல் இருவகைப்படும். சிறுகுடல், பெருங்—

— பாடம் வேண்டாம். என் குடலைச் சொல்லும்.

— தங்கள் பெருங்குடலின் உள்தோல் நெடுங்காலமாகச் சிவந்து, வீங்கி, புண்பட்டிருக்கிறது. குடல் அழற்சி என்பர். இரண்டாண்டுகள் அதனைச் சீதபேதி என்று கருதித் தங்களுக்கு ஊசி போட்டார்கள்.

— அது தெரியும். போன வாரம் குழாயை விட்டுப் பாத்தாளே, அப்போவே சொன்னா. பெருமாளே, அந்தக் குழாய்... மனுஷாளுக்கு வரப்படாது.

— இரண்டாவது செய்தியே புதியது. தங்கள் குடலில் வெள்ளைக் கூழ் ஏற்றி எடுத்த படத்தில், மிளகளவுச் சுண்ணாம்பு மணிகள் சில தென்படுகின்றன. சாதாரணமாக அவ்விடத்தில் அவை இருப்பதில்லை. டாக்டர் கூறுவது யாதெனில், அங்கே இரத்தக் குழாய்கள் தம்முள் பின்னித் திரண்டு, நாவற்பழக் கொத்துப்போல் கட்டிகளாகியுள்ளன. அவற்றினுள் தேங்கிய இரத்தம் உறைந்து, நாளடைவில் சுண்ணாம்பு மணியாகிவிடுமாம்.

— புத்துநோயா? மறைக்காம சொல்லும்.

— புற்று அன்று. தீங்கற்ற கட்டி. பிறவியிலேயே இருந்திருக்கலாம். மிகவும் அரிது. அழற்சியும் கொத்தும் ஒரே வயிற்றில் கூடியிருப்பதைத் தம் இருபதாண்டுப் பழக்கத்தில் கண்டதே இல்லை என்று டாக்டர் வியந்தார்.

— அவர் வியக்கட்டும். தீங்கில்லைன்னா ரத்தம் ஏன் வரது?

— வேறிடத்திற்குப் பரவாது என்பதனால் தீங்கற்றது என்றனர். கசியாது என்று எவரும் கூறவில்லையே.

— அப்போ கசியறது எது?

— கசிவது புண்ணா, கொத்தா என்பதே வினா. வயிற்றைத் திறந்தாலன்றித் தெரியாது. கொத்துதான் என்றால் ஒரு சாண் குடலை நறுக்கி எறிந்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம். தாங்கள் பழையபடி ஊருக்குத் திரும்பலாம். புண்தான் என்றால்...

— நிறுத்தாதீர்.

— பெருங்குடல் முழுவதையும் நீக்க வேண்டும். பின்பு வயிற்றின் வலப்பக்கம் ஒரு துளையிட்டு, சிறுகுடலின் முனையை வெளியே வைத்துத் தைப்பார்கள். மலம் அவ்வழியே இறங்கும். ஒரு பையில். ஆயுள் முழுதும்.

— உயிர் இருக்கும்?

— இருக்கும்.

— அந்தப் பையைக் கட்டிண்டு நான் பெருமாள் முன்னாடி நிக்கணும். திருமஞ்சனம் பண்ணணும். துளசி சாத்தணும்.

— நான் அதனை அறியேன், ஐயா. தாளில் இரண்டிற்கும் சேர்த்தே இசைவு கேட்டிருக்கிறது. திறந்த பிறகு தங்களை எழுப்பிக் கேட்க இயலாது.

— பேஷ். கண்ணைக் கட்டிண்டு எந்தக் கதவுல நுழையறோம்னு தெரியாம நுழையணும்.

— சென்னையிலிருந்து வியாழன்தோறும் வரும் அறுவை வைத்தியர் பதினொரு மணி வண்டியில் வந்து இறங்குவார். மூன்று மணி வண்டியில் திரும்பிவிடுவார். அடுத்த வியாழன் வரை தாங்கள் பொறுத்திருக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். தங்கள் உடம்பில் இருக்க வேண்டிய இரத்தத்தில் பாதிதான் இருக்கிறது என்றார். கேட்ட கேள்விக்கு அவர் விடை கூறவில்லை. தாங்களே ஊகிக்கலாம்.

— மணி என்ன இப்போ?

— பத்தரை.

— வேண்டாம், ஏசுபாதம். போட மாட்டேன்.

— தங்களுக்கு மனைவி இருக்கிறார். இரண்டு பெண்மக்கள் இருக்கிறார்கள்.

— அதனாலதான் மூணு வருஷமா வாயை மூடிண்டிருந்தேன். உமக்கு எங்க நியமம் தெரியாது. ரத்தம் கண்டவன் அன்னிக்கு உள்ளே போகப்படாது. சவரக்கத்தி கீறினாக்கூட வெளியில நிக்கணும். எனக்கோ தினம். வெளியில சொன்னா முறை போயிடும். எங்க குடும்பத்துல தை முதல் ஆனி வரைக்கும் நான், மீதி ஆறு மாசம் வரதண்ணா. எனக்கு ஆகலைன்னா முழுக்க அவனுக்கு. அப்புறம் மடப்பள்ளிச் சோறு என் ஆத்துக்கு எப்படி வரும்? ருக்மிணி இருட்டோட எழுந்து, யார் கண்ணுலயும் படாம என் வேஷ்டியைத் தோய்ச்சுக் காயப் போட்டிருக்கா. மூணு வருஷம்.

— அந்த வரதன் ஐயா அத்துணைக் கொடியவரா?

— கொடியவனோ நல்லவனோ, யார் கண்டா. ஏழு வருஷமா பேச்சே இல்லை. சுவத்தோரத் தென்னை மரம் யாருதுன்னு சண்டை. நானும் பேசறதில்லைன்னு சத்தியம் பண்ணினேன், அவனும் பண்ணினான். மரம் போன புயல்ல விழுந்தே போச்சு. சத்தியம் மட்டும் நிக்கறது.

— ஐயா, முகம் ஏன் இப்படி வெளுக்கிறது?

— அந்தப் பாத்திரத்தை... சீக்கிரம்...

— இரு, இரு... அய்யய்யோ, இன்னா சாமி இது, இவ்ளோ போவுது. நர்சம்மா, ஏ நர்சம்மா, சீக்கிரம் வா, பதினேழாம் கட்டிலு. நீ கண்ணை மூடாத சாமி, என்னியப் பாரு. பாத்துகினே இரு. மூச்சு வுடு.

— பெருமாளே...

— அப்டித்தான். தோ, புது பாட்டில் மாட்டிக்கினு கீறாங்க. ஒண்ணும் ஆவாது. நானு கீறேன்ல.

— ஏசுபாதம்.

— சொல்லு சாமி.

— உமக்கு நன்னாத் தமிழ் பேச வரதே.

— ... மன்னிக்க வேண்டும். பதற்றத்தில் வாய் தவறிவிட்டது.

— தவறட்டும், தவறட்டும். கொஞ்சம் தண்ணி குடும். நர்ஸம்மா போயாச்சா?

— போய்விட்டார். திரையை இழுத்து மூடிவிட்டேன். ஐயா, தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இப்பொழுதாவது கையெழுத்திடுங்கள்.

— உம்மகிட்ட ஒண்ணு சொல்லறேன். ருக்மிணிகிட்டகூடச் சொல்லலை. நீர் வேற மதம், அதனால சொல்லலாம்.

— கூறுங்கள்.

— முதல்முதல்ல ரத்தம் கண்டேனே, மூணு வருஷம் முன்னாடி. அதுக்குச் சில நாளைக்கெல்லாம் ஆரம்பிச்சுது. விடியக்காலம் நடை திறக்கறேன். விளக்கை ஏத்தறேன். உள்வாசல்படியிலேர்ந்து பெருமாள் திருவடி வரைக்கும் தரை ஈரம்.

— கடலோரக் கோயில் அல்லவா? மாமல்லபுரத்திற்குத் தெற்கே என்றீர்களே. காற்றின் ஈரம் கல்லில் படிந்திருக்கும்.

— கடல் காத்துன்னா உப்பு பூக்கும். நான் விரலால தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன். நல்ல தண்ணி. மறுநாளும் ஈரம். அதுக்கு மறுநாளும். என் முறை நடக்கற ஒவ்வொரு நாளும். அப்போதான் புரிஞ்சுது. அவருக்கு வேர்க்கறது.

— வியர்க்கிறதா? எவருக்கு?

— பெருமாளுக்கு. ரத்தக் கறையோட ஒருத்தன் வந்து தொடப் போறானேன்னு ராத்திரி பூரா கூசிப்போய் வேர்த்துண்டு நிக்கறார். அதைத் துடைச்சுட்டு, அதே கையால அவருக்கே பூச்சாத்தினேன். நான் வேற என்ன பண்ணுவேன்? உள்ளேயும் நிக்க முடியலை, வெளியிலயும் வர முடியலை.

— ஒரு நாளேனும் தரை உலர்ந்திருக்கவில்லையா?

— ஒரே ஒரு நாள். போன வருஷம் மாசி மகத்துக்கு மறுநாள். மகத்துக்குப் பெருமாளைச் சமுத்திரக்கரைக்கு எழுந்தருளப் பண்ணி, தீர்த்தவாரி ஆகும். முறைக்காரன் நான்தான் அவரோட தண்ணியில இறங்கணும். இந்த உடம்போட எப்படி இறங்கறது? கால் சுளுக்குன்னு நொண்டிக் காமிச்சேன். வரதண்ணா முறைச்சுண்டே இறங்கினான். மறுநாள் காலம்பற நடை திறந்தா, தரை காஞ்சு கிடக்கு. எலும்பு மாதிரி. நான் அங்கேயே உக்காந்து அழுதேன், ஏசுபாதம். தண்ணியில இறங்காம விட்டதுக்கு மன்னிச்சுட்டார்னு நினைச்சேன். அன்னிக்கு ரெண்டு தரம் சாதம் போட்டுண்டு சாப்பிட்டேன்.

— மறுநாள்?

— ஈரம். அதுக்கப்புறம் ஒரு நாள் தப்பலை. இப்போ சொல்லும். கொத்தாம், புண்ணாம். அவர் தீர்ப்பு எழுதினப்புறம் உம்ம டாக்டர் வந்து திறந்து பாத்து என்ன ஆகப்போறது? அவர் என்னைத் தள்ளலைன்னு தெரிஞ்சா, அந்த ஒண்ணு தெரிஞ்சா, பையாவது துளையாவது, இந்த நிமிஷம் போடுவேன் கையெழுத்து. தள்ளினவர் தள்ளினவர்தான்.

— பதினொரு மணி வண்டி ஊதுகிறது, ஐயா.

— ஊதட்டும்... இரும். திரைக்கு அந்தண்டை யார்? கீழே கால் தெரியறது.

— யாரேனும் பார்வையாளராக இருக்கும்.

— இல்லை. இடது கட்டைவிரல்ல நகம் இல்லை பாரும். சின்ன வயசுல தேர்ச் சக்கரத்துல கொடுத்த விரல் அது. ஏசுபாதம், என்ன எழுதித் தொலைச்சீர்?

— உள்ளே வரலாமாடா? இல்லே, உன்னைப் பாக்கணும்னா ஸ்ரீரங்கத்துக்குத்தான் போகணுமா?

— ... வரதண்ணா.

— நான்தான். ஏழு வருஷம் கழிச்சு வாயைத் திறக்கறேன், உக்காருன்னாவது சொல்லு. கட்டை வண்டியும் பஸ்ஸுமா இடுப்பு போச்சு.

— நாற்காலியில் அமருங்கள், ஐயா.

— நீர்தானா அந்தக் கடிதாசு? இந்தா பாஷ்யம், கேளு. 'தங்கள் தம்பியார் குருதி இழந்து, உயிர் ஊசலாடும் நிலையில் இவ்விடம் கிடக்கிறார். தாம் சீமந்தத்திற்குச் சென்றிருப்பதாக எழுதுமாறு என்னைப் பணித்தார். முப்பத்தொன்றாம் வயதில் கற்ற எழுத்தைப் பொய்க்குச் செலவிட என் மனம் இசையவில்லை. பொருத்தருள்க.' நாலு தரம் படிச்சேன். கடைசி வரியில ஒரு எழுத்து தப்பு.

— எவ்வெழுத்து, ஐயா?

— அதை அப்புறம் சொல்றேன் ஓய்.

— நம்பினேனே ஏசுபாதம். உம்மை மனுஷன்னு நம்பினேனே.

— நான் செய்தது தங்களுக்குத் துரோகமாகத் தோன்றலாம். தோன்றட்டும். தாங்கள் உயிரோடிருந்து என்னை வையுங்கள்.

— அவரை விடுடா. எங்கே அந்தத் தாள்? போடு கையெழுத்தை.

— போட்டேன்னா, துளை விழுந்தா, முறை உனக்கு. போடாம செத்தேன்னாலும் முறை உனக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் நீதான் சாவியை வெச்சுண்டு நிக்கறே. உனக்கு என்ன அவசரம்?

— ஆமாம், முறை எனக்கு வரும். மடப்பள்ளித் தளிகை ரெண்டு ஆத்துக்கும் போகும், இப்போ போறாப்பலயே. ருக்மிணிகிட்ட வரும்போதே சொல்லிட்டுத்தான் வந்தேன். அதைப் பத்தி இல்லை இப்போ பேச்சு.

— உன் தயவு எனக்கு வேண்டாம். ரத்தத்தோட சேவிச்சேன். மூணு வருஷம். இப்போ தெரிஞ்சுதோல்லியோ, ஊரைக் கூட்டிச் சொல்லு.

— இப்போதான் தெரிஞ்சுதுன்னு உனக்கு யார் சொன்னா? உனக்கு வந்த முதல் மாசமே தெரியும். மடப்பள்ளி மணையில ஒரு சொட்டு கண்டேன். அப்புறம் உன் ஆத்துக் கொல்லையில, நாலு மணி இருட்டுல ஈர வேஷ்டி காயறது கண்டேன். நான் என்ன குருடா?

— தெரிஞ்சுமா சும்மா இருந்தே?

— நீ இவர்கிட்டச் சொன்னதெல்லாம் திரைக்கு அந்தண்டை நின்னு கேட்டேன். திருப்பிச் சொல்லு. தரை காஞ்சிருந்தது என்னிக்கு?

— எதுக்கு உனக்கு?

— சொல்லுடா.

— மாசி மகத்துக்கு மறுநாள். போன வருஷம்.

— அந்த ஒரு நாள்தானே?

— அந்த ஒரே நாள்.

— அன்னிக்கு எனக்கு ஜுரம்டா, பாஷ்யம்.

— உனக்கு ஜுரம்னா அவர் ஏன் வேர்க்காம இருக்கணும்?

— மண்டு. உனக்குப் பதிலா கழுத்தளவு சமுத்திரத்துல நின்னேனே, அந்த ஜுரம். எழுந்திருக்க முடியலை. கிணத்தடிக்குப் போய் ஒரு குடம் ஜலம் இழுக்க முடியலை. மத்த நாளெல்லாம், நீ வரதுக்கு ஒரு நாழிகை முன்னாடி, என்கிட்ட இருக்கற சாவியைப் போட்டுத் திறந்து, உன் பேரைச் சொல்லி மந்திரம் ஜபிச்சு, புண்யாகத் தீர்த்தம் தெளிச்சு, திருப்பிப் பூட்டிண்டு போனது நான்தான். தீட்டுக் கழியட்டும், என் தம்பி கைங்கர்யம் நிக்கப்படாதுன்னு. நீ நாக்குல வெச்சுப் பாத்தியே, அது நம்ம கிணத்து ஜலம்டா.

— தினமுமா? மூணு வருஷமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா, அண்ணா?

— பேசறதில்லைன்னுதானே சத்தியம் பண்ணினேன். தெளிக்கறதில்லைன்னா பண்ணினேன்?

— ... ஏசுபாதம். இந்தக் கைக்கட்டை அவிழ்த்து விடும்.